பாலபாடமும் குசினியும்: யாழ்ப்பாணச் சைவக் குடும்பங்களிற் புலால் மறுத்தல்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தினராகச் செல்பவரிடம் பந்திக்கு முன் கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: "நீங்கள் சைவமோ, மச்சமோ?" கேட்பவர் நெற்றியில் நீறணிந்த சைவர், கேட்கப்படுபவரும் பெரும்பாலும் அவ்வாறே. இருந்தும் வினாவில் முரண்பாடு எதுவும் இருப்பதாக இருவருமே கருதுவதில்லை. 'மச்சம்' என்பது வடமொழியில் மீனைக் குறிக்குஞ் சொல்லின் திரிபு. யாழ்ப்பாண வழக்கில் அது இறைச்சி, முட்டை யாவற்றையும் அடக்கும். சமயத்தின் பெயரே உணவின் பெயராகவும் ஆகிவிட்ட ஒரு சமூகத்தில், அச்சமயத்தவருட் பெருந்தொகையினர் கிழமையிற் பல நாள்களில் அவ்வுணவின் எல்லைக்கு வெளியே வாழ்கின்றனர். இதனை வெளியார் போலித்தனம் என்பர். சமய சீர்திருத்தக்காரர் சிலர் அறியாமை என்றனர். இவ்விரண்டும் பொருந்தா. பிள்ளை குட்டிகளை வளர்க்கும் பெற்றோர் ஒரு பெரிய அறக்கோட்பாட்டைத் தம் அடுப்படிக்கு எவ்வாறு கொண்டுவந்தனர் என்ற வரலாறு இதனுள் அடங்கியிருக்கின்றது.

புலால் மறுத்தல் தமிழருக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. எனினும் அவ்வதிகாரம் நிற்கும் இடம் நோக்கற்பாலது. இருபத்தாறாம் அதிகாரமாகிய அது, துறவறவியலில் அருளுடைமையை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. மனைவாழ்வும் மக்கட்பேறும் விருந்தோம்பலும் பேசப்படும் இல்லறவியலில் அன்று. மக்கட்பேற்றைப் பாடுமிடத்திற் குழந்தை கையால் அளைந்த கூழின் சுவையை வியக்கும் புலவர், அக்கூழில் என்ன சேர்ந்திருக்க வேண்டும், என்ன சேர்ந்திருக்கலாகாது என்று அங்கு விதிக்கவில்லை. கொல்லாமையின் உயர்வை ஐயமறச் சொன்னவர், அதனை முழுமையாக மேற்கொள்ளும் பொறுப்பைத் துறவியின் ஒழுக்கமாகவே வகுத்தார் என்று இவ்வைப்பு முறையைக் கொண்டு கருத இடமுண்டு.

சைவ இலக்கியமும் ஒருமுகமாகப் பேசுவதன்று. பெரியபுராணத்தின் அடியவர் வரிசையில் இறைவனுக்கு ஊன் படைத்த வேடராகிய கண்ணப்பரும் உள்ளார். நாகப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்தரும் உள்ளார். அதிபத்தர் வலையில் அகப்பட்டவற்றுள் ஒரு மீனை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டவர். மற்ற மீன்களை அவர் விற்றே வாழ்ந்தார் என்பதைப் புராணம் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஊர்க் கோயில்களில், குறிப்பாக வைரவர், காளி, அண்ணமார் முதலிய தெய்வங்களுக்கு, ஆடும் கோழியும் பலியிடும் 'வேள்வி' நெடுங்காலம் நிலவியது. வேள்வி முடிந்ததும் இறைச்சி வீடுகளுக்குச் சென்றது. இவ்வழக்கம் அண்மைக்காலம்வரை தொடர்ந்தது என்பதற்கு, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடைவிதிக்க நேர்ந்தமையே சான்று.

அந்நிய ஆட்சி இதற்கு வேறொரு பரிமாணத்தை அளித்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கோயில்கள் இடிக்கப்பட்ட அக்காலத்தில், விரதம் அனுட்டித்தோர் வீட்டினுள்ளே ஒளித்து வாழையிலையிற் சைவ உணவு உண்டு, அவ்விலையைக் கூரை இறப்பிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதையும் இத்தகையதே. அதிகாரியின் உணவுக்கென வீட்டு முறைப்படி ஒவ்வொரு குடியும் பசு ஒன்று கொடுக்க வேண்டியிருந்ததென்றும், தம் முறை வருமுன் அவர் இரவோடிரவாகக் கடல் கடந்து இந்தியா சென்றார் என்றும் மரபு கூறும். பின்னாளில் அவர் சிவஞானசித்தியாருக்கு உரை செய்தார். சிதம்பரத்தில் அவர் பெயராலே குளமொன்று உண்டு. இக்கதைகளின் ஒவ்வொரு விவரமும் ஆவணத்தால் நிறுவத்தக்கதன்று. ஆனால் அவை எதனை நினைவில் வைத்துள்ளன என்பது கவனிக்கத்தக்கது. மறைத்து உண்ணப்பட்ட சைவ உணவு, ஓர் இனத்தின் தன்மான அடையாளமாக நினைவில் நின்றது. அது விரத நாளுக்குரிய உணவு, நாளாந்த உணவன்று என்ற செய்தியும் அந்நினைவினுள்ளேயே இருக்கின்றது. (அதே ஆட்சி யாழ்ப்பாணத்தவரின் சமையலறைக்கே பெயர் தந்து சென்றது என்பது வரலாற்றின் குறும்பு; 'குசினி' போர்த்துக்கேயச் சொல்.)

பிரித்தானியர் காலத்தில் இப்பிரச்சினை முதன்முதலாகப் பிள்ளைகளின் உணவு என்ற வடிவில் வெளிப்பட்டது. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பள்ளிகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. ஆங்கிலக் கல்வியின் பயனை யாழ்ப்பாணப் பெற்றோர் விரைவில் உணர்ந்தனர். ஆயின் பிள்ளை எங்கே உண்பான் என்ற கேள்வி அவர்களைத் தடுத்தது. மாணவர் கிறிஸ்தவரின் கூரையின் கீழ் உண்ண மறுத்தமையால், அயலிலே சைவர் ஒருவரது நிலத்திற் சமையலுக்கு இடம் ஒதுக்க மிஷனரிமார் இணங்க வேண்டியதாயிற்று என எமேர்சன் தெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகின்றார். கிணற்றுநீர் பற்றியும் இத்தகைய தகராறு நிகழ்ந்தது. இங்கே பெற்றோரை வருத்தியது, சட்டியில் என்ன வேகின்றது என்பதைக் காட்டிலும் சட்டியை யார் தொட்டார் என்பதே. அக்காலத்து 'ஆசாரம்' என்ற சொல் புலாலைப் பற்றியதாக மாத்திரம் இருக்கவில்லை. பெரும்பாலும் அது சாதியைப் பற்றியதாகவே இருந்தது.

இந்நிலையிலேயே ஆறுமுக நாவலர் (1822 – 1879) தோன்றுகின்றார். பீற்றர் பேர்சிவலின் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவிய நாவலர், 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். மிஷனரிமாரின் கருவிகளாகிய பிரசங்கம், பள்ளி, அச்சு என்ற மூன்றையும் அவர் சைவத்துக்காகக் கைக்கொண்டார் என்பது பலரும் கூறியது. அவற்றுள் உணவைப் பொறுத்தவரை மிக ஆழமாக வேரூன்றியது பாடநூலே. நான்காம் பாலபாடத்தில் கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு என்பன தனித்தனிப் பாடங்களாக எழுதப்பட்டன. சைவ வினாவிடையிலும் புலால் விலக்கு பாவங்களின் வரிசையில் வைத்துக் கற்பிக்கப்பட்டது.

இங்கே நிகழ்ந்த மாற்றம் சிறியதன்று. திருக்குறளிற் துறவறவியலில் நின்ற அறத்தை, அந்நூலைப் பரிமேலழகர் உரையோடு 1861இல் பதிப்பித்த அதே நாவலர், பள்ளிச் சிறுவனின் வாசிப்புப் பாடமாக்கினார். துறவி முதிர்வில் அடையும் ஒழுக்கம், குழந்தை எழுத்தோடு சேர்த்துப் பெறும் ஒழுக்கமாயிற்று. அதற்குக் காரணமும் இருந்தது. மிஷனரிமார் கோயிற் பலிகளைக் காட்டிச் சைவத்தை இகழ்ந்தனர். நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில், விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுக் கிரியைகளையே எடுத்துக்காட்டி அவர்களுக்கு விடையளித்தார்; மறுபுறத்தில், சைவருக்குள்ளே நிலவிய பலியையும் புலாலையும் கடிந்து, எதிரி சுட்டிக்காட்டக்கூடிய குறைகளை நீக்க முனைந்தார். புலால் உண்ணாமை சைவருக்கு மேன்மை தரும் வாதமாயிற்று. கருணை இவ்வாதத்தின் அடித்தளம் என்பதில் ஐயமில்லை. போட்டியும் அதிற் கலந்திருந்தது என்பதை மறைப்பதாற் பயனில்லை.

ஆனால் இரண்டு உண்மைகளை நாவலர் பற்றிய நூல்கள் போதியளவு பொருத்திப் பார்ப்பதில்லை. முதலாவது, நாவலர் மணஞ்செய்யாதவர். நைட்டிகப் பிரமசாரியாக வாழ்ந்த அவருக்குப் பால் குடிக்கும் குழந்தைக்கோ, மெலிந்த பிள்ளைக்கோ உணவு தேடும் நிலை நேர்ந்ததில்லை. இரண்டாவது, பாலபாடத்தை முதற்கண் வாசித்தவர் ஆண்பிள்ளைகள். பெண்களுக்கு மிஷனரிமார் உடுவிலில் 1824இலேயே விடுதிப் பள்ளி தொடங்கியிருந்தனர். சைவப் பெண்களுக்கு அத்தகைய ஒரு பெரிய நிறுவனம் வாய்த்தது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் 1913இல் இராமநாதன் கல்லூரியை நிறுவிய பின்னரே. ஆகவே, ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம், புலாலுண்ணல் பற்றிய பாடம் மகனின் கையில் இருந்தது. அகப்பை தாயின் கையில் இருந்தது. அவள் அப்பாடத்தை அச்சிற் படித்தவள் அல்லள். கோயிலிற் கந்தபுராணப் படிப்பைக் கேட்டவள், விரதங்களைத் தன் தாயிடம் கற்றவள். பிள்ளை பள்ளியால் வந்து "மீன் தின்பது பாவமாம்" என்று சொன்ன நாளில், அவ்வீட்டில் யார் யாருக்கு விடை கூறியிருப்பர் என்பதை ஏடுகள் எழுதி வைக்கவில்லை.

தாயின் பக்கத்து நியாயத்தை அறிய யாழ்ப்பாணத்தின் நிலத்தை நோக்க வேண்டும். ஆறில்லாத சுண்ணக்கல் நிலம். ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் பெய்யும் வடகீழ்ப் பருவமழை. கிணற்றிலிருந்து துலாமிதித்து இறைத்த நீரில் விளைந்த தோட்டம். அத்தோட்டத்திலும் புகையிலை போன்ற காசுப்பயிர் பெரும்பங்கைப் பிடித்தது. மூன்று புறமும் கடலும் நடுவே கடனீரேரியும் சூழ்ந்த நாட்டில், ஏழை வீட்டுக்கு எளிதிற் கிடைத்த செறிந்த உணவு மீனே. சிறுமீனும் கருவாடும் பாலைவிட மலிவு. பனையின் ஒடியல் மாவிற் காய்ச்சும் கூழுக்கு மீன், நண்டு, இறால் எல்லாம் சேரும். ஒரு பானைக் கூழ் ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றும். பசுவும் வயலும் உள்ள வீட்டில் புலாலை விலக்குவது விரதம். அவை இல்லாத வீட்டில் மீன் இல்லாத நாள் பெரும்பாலும் காசு இல்லாத நாள். இவ்விரு வீட்டாரையும் ஒரே அளவுகோலால் அளப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று.

மகப்பேற்றிலே இது மேலும் கூர்மையடைகின்றது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு யாழ்ப்பாணத்திற் பத்தியச் சாப்பாடு கொடுப்பர். மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி முதலியவற்றை அரைத்துச் 'சரக்குக் கறி' காய்ச்சுவர். அதில் முள்ளும் சூடும் குறைந்ததெனக் கருதப்படும் சிறுமீன்கள் இடம்பெறும். பால் சுரப்பதற்கென்றே பால்சுறா தேடி வாங்கப்படும். அதனை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவும் உள்ளியும் சேர்த்து வறை செய்வர். இவ்வுணவில் மருத்துவ நம்பிக்கையும் ஊட்டமும் பரிவும் பிரிக்க முடியாதவாறு கலந்துள்ளன. பெண் பிள்ளை பூப்பெய்தியபோது முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுக்கும் வழக்கமும் இத்தகையதே. சைவ உணவிலேயே நின்ற குடும்பங்கள் இவற்றுக்கு மாற்று வைத்திருந்தன: முருங்கையிலை, உள்ளி, பால், நெய், உழுந்து, எள். அவை தகுதியில் குறைந்தவை அல்ல. எனினும் அவற்றைத் தாராளமாகக் கொடுக்க ஒரு பசுவேனும் தொழுவில் நிற்க வேண்டும்.

இவ்வாறு பாலபாடம் ஒரு புறமும் பால்சுறா மறுபுறமுமாக நின்றபோது, யாழ்ப்பாணக் குடும்பம் இரண்டில் ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கைவிடவில்லை. அது அறத்தை நாள்களின் மீதும் பாத்திரங்களின் மீதும் வயதின் மீதும் பங்கிட்டது.

நாள்களிற் பங்கிட்டது வெளிப்படை. வெள்ளிக்கிழமை சைவம். கந்தசஷ்டி ஆறு நாளும், புரட்டாதிச் சனியும், நவராத்திரியும், தந்தையற்றோர்க்கு ஆடி அமாவாசையும், தாயற்றோர்க்குச் சித்திரா பௌர்ணமியும், முன்னோர் திவசமும் சைவம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கொடியேறி இருபத்தைந்து நாளும் மச்சம் சமைக்காத வீடுகள் பல. கத்தோலிக்கரும் வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கும் மரபுடையோர். ஆனால் அவர்களுக்கு மீன் விலக்கன்று. ஆகவே ஒரே சந்தையில் ஒரே நாளில் ஒருவர் இறைச்சியைவிட்டு மீனுக்குத் திரும்ப, மற்றவர் மீனையும் விட்டுக் கத்தரிக்காய்க்குத் திரும்பினர். இந்நாட்கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் தீபாவளியே போதிய உதாரணம். தீபாவளியன்று அயலவர் சேர்ந்து ஆடு வாங்கிப் 'பங்கு' போட்டு இறைச்சி எடுப்பது ஊர் வழக்கம். பிள்ளைகள் ஆவலோடு பார்த்திருக்கும் நாள் அது. அதே காலத்தில் முடிவுறும் கேதாரகௌரி விரதத்தை இருபத்தொரு நாளும் பிடிப்பவள் பெரும்பாலும் அப்பிள்ளைகளின் தாய். தீபாவளி வெள்ளிக்கிழமையில் வந்தால் ஆட்டுக்கறி அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும்.

பாத்திரங்களிற் பங்கிட்டமை குசினிக்குள் சென்றாற்றான் தெரியும். சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு, அகப்பையும் வேறு. மண் சட்டி மணத்தையும் எண்ணெயையும் உறிஞ்சுவது, கழுவினாலும் போகாது. ஆகவே இது வெறும் சடங்கு விதியன்று, பொருளின் இயல்பறிந்த விதி. விரதத்துக்கு முதல் நாள் அடுப்படி மெழுகி, வீடு கழுவி, மச்சச் சட்டிகள் புறத்தே கொண்டுபோய் வைக்கப்படும். இவ்வேலை முழுதும் பெண்ணின் உழைப்பு. ஆண்கள் அனுட்டித்ததாகப் பெருமைப்படும் விரதங்களின் பின்னே நிற்கும் இவ்வுழைப்பு எந்தச் சமய நூலிலும் எண்ணப்பட்டிலது.

வயதின் மீது பங்கிட்டமையே எல்லாவற்றிலும் கருதத்தக்கது. சமயதீட்சை பெற்றோர் மச்சம் விடுவது முறை. ஆனால் பலர் தீட்சை பெறுவதையோ, தீட்சை இன்றியே மீனை விடுவதையோ, பிள்ளைகள் ஒரு கரை சேரும்வரை ஒத்திவைத்தனர். மக்களை வளர்க்கும் ஆண்டுகளில் நாள்வழிச் சைவம்; மக்கள் தலையெடுத்த பின்னர் முழுச் சைவம். இல்லறத்துக்குப் பின் துறவறம் என்று குறள் வகுத்த வரிசையை, பாலபாடம் குழந்தைப் பருவத்துக்கு முன்கொணர்ந்தது. வீட்டாரோ ஓசையின்றி அதனைத் திரும்பவும் அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோயினர். எவரும் நாவலரை மறுத்துப் பேசவில்லை. அவரது நூலைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தனர்; பிள்ளைக்கு மீனில் முள்ளெடுத்துச் சோறும் தீத்தினர்.

நாவலரும் நடைமுறை அறியாதவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1876 – 77இல் மழை பொய்த்துப் பஞ்சமும் கொள்ளைநோயும் குடாநாட்டை வருத்தியபோது, அவர் பொருள் திரட்டி வறியோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க அதிபராகிய துவைனத்தின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தும் எழுதினார். பசித்த வயிற்றின் முன் முதற்கடமை எதுவென்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

இவ்வரலாற்றில் மனத்துக்கு இனிமையல்லாத பகுதி ஒன்றுண்டு. புலால் மறுத்தல் ஒரு வீட்டின் அருளைக் காட்டுவதோடு நில்லாமல், அவ்வீட்டின் 'குலத்தை'க் காட்டும் அடையாளமாகவும் பயன்பட்டது. 'மச்சம் மாமிசம் தொடாத குடும்பம்' என்பது திருமணப் பேச்சில் ஒரு தகுதி. கடலை நம்பி வாழ்ந்த சமூகத்தாரை நோக்கி, அவர்களது தொழிலே பாவம் என்ற தொனியில் அச்சொல் எறியப்பட்டதுமுண்டு. அவ்வாறு எறிந்தோர் வீடுகளிலும் சனிக்கிழமையிற் கணவாய்க் கறி மணத்தது. உயிரைக் கொல்லாமைக்காகத் தோன்றிய ஒழுக்கம், மனிதரை இழிவுசெய்யும் கருவியாகவும் ஆனது. அதிபத்த நாயனாரின் குருபூசையைக் கொண்டாடும் சமூகம் இதனை எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். வட்டுக்கோட்டை மாணவரின் சமையற்கொட்டிலில் இருந்த பழைய கேள்வி, புதிய கேள்வியின் உள்ளே தொடர்ந்து வாழ்ந்தது.

பெற்றோரின் இச்சங்கடம் யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாண இளைஞரின் அழைப்பில் வந்து குடாநாட்டுக் கல்லூரிகள் பலவற்றிற் பேசிய காந்தியடிகள், தம் வாழ்வில் இதனைக் கடுமையான வடிவிற் சந்தித்தவர். பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலால் குடற்காய்ச்சலாலும் நுரையீரல் அழற்சியாலும் கிடந்தபோது, பார்சி மருத்துவர் ஒருவர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்குமாறு கூறினார். காந்தி மறுத்தார், மகனையும் கேட்டார், அவனும் உடன்பட்டான். நீர்ச் சிகிச்சை செய்து, தோடம்பழச்சாறு கொடுத்துக் காத்திருந்தார். பிள்ளை பிழைத்தது. அவ்விரவின் அச்சத்தை, தாம் செய்வது சரிதானா என்ற நடுக்கத்தை, தம் சுயசரிதையில் அவர் ஒளிக்காது எழுதியுள்ளார். ஆனால் பிள்ளையைத் தாயின் பொறுப்பில் விட்டு அவர் வெளியே உலாவச் சென்ற அவ்வேளையில், கட்டிலருகே இருந்த கஸ்தூரிபா என்ன நினைத்தார் என்பது அவ்வத்தியாயத்திற் சொல்லப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் சம்மதம் எத்தகைய சம்மதம் என்ற ஐயமும் வாசிப்பவருக்கு எழாமற் போகாது. காந்தியடிகளின் உறுதி பெரியதே. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அவரை வணங்கினர். ஆயினும் காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு மருத்துவர் முட்டை சொன்னால் முட்டை அவித்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் நிறுவனங்கள் பெருகின. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை, 1890இல் உருப்பெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் என்பன சைவக் கல்வியை ஊர்தோறும் கொண்டு சென்றன. பெண்களும் பாலபாடம் படித்தனர். அப்போது தாயே அப்பாடத்தை அறிந்தவளானாள். பிள்ளை கொண்டுவரும் வினாவுக்கு விடை கூற வேண்டியவளும் அவளே ஆனாள். அதே நூற்றாண்டில் மருத்துவிச்சியும் தாய்சேய் நிலையமும் வந்தன. புரதம், இரும்பு, விற்றமின் என்ற புதிய சொற்கள் வந்தன. 1973இல் அறிமுகமான திரிபோஷா, தானியமும் சோயாவும் பாற்பொடியும் கலந்த மாவாகத் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. சைவ வீட்டாரும் தயக்கமின்றிக் கொடுக்கத்தக்க சத்துணவு அது. பாலும் தயிரும் பருப்பும் கீரையும் போதியளவு சேர்ந்த சைவ உணவில் குழந்தை நன்கு வளரும் என்று இன்றைய ஊட்டவியல் ஏற்கின்றது. பாலையும் விலக்குவோரே விற்றமின் பி12ஐ வேறு வழியில் தேட வேண்டும். 1948இற் பிரித்தறியப்பட்ட அச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவிற் கிடைப்பதன்று. ஆகவே பழைய தாய்மாரின் அச்சத்துக்கு விடை இருந்தது. பசு இல்லாத வீட்டில் அவ்விடைக்கு விலையும் இருந்தது.

1990 யூனில் மீண்டும் மூண்ட போர் இவ்விலையை யாவர்க்கும் காட்டிற்று. வடக்குக் கடலில் மீன்பிடி கட்டுப்படுத்தப்பட்டது, எரிபொருள் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன, பால்மா அரிதாயிற்று. விரதம் பிடியாதோரும் மச்சமின்றி நாள்களைக் கழித்தனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பல குடும்பங்கள் ஒரே அடுப்பில் சமைத்தன. சைவச் சட்டி எது, மச்சச் சட்டி எது என்று கேட்கச் சட்டிகளே இருக்கவில்லை. கிடைத்தது சோறும் பருப்பும். அதனைச் சைவம் என்று எவரும் பெருமையோடு சொல்லிக்கொள்ளவில்லை.

1983இன் பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றோர் வீடுகளில் இக்கதை வேறு கருவிகளோடு தொடர்கின்றது. மண் சட்டியின் இடத்தை உருக்குப் பாத்திரம் பிடித்தது. குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டுச் சைவத்துக்கென ஒதுக்கப்பட்டது. பாடசாலையில் மதிய உணவுக்கு இறைச்சி உண்ணும் நண்பர் நடுவே இருக்கும் பிள்ளை, வெள்ளிக்கிழமையில் மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்கின்றது. வேலைக்குச் செல்லும் பெற்றோர் விடையைத் தேடிக்கொண்டிருக்க, ஊரிலிருந்து வந்து சேர்ந்த அம்மம்மா சமையலை ஏற்றுக்கொள்கின்றார். அவர் மக்களை வளர்த்து முடித்த பின் மீனை விட்டவர். பேரப்பிள்ளைக்கு வேண்டுமென்பதால் மீன் துப்புரவாக்கி, உப்பும் தூளும் பிரட்டி, குழம்பும் வைத்துவிடுகின்றார். உப்புப் பார்ப்பதற்கு மாத்திரம் மகளைக் கூப்பிடுகின்றார்.